உங்கள் ஃபேஸ்புக் பதிவுகளைப் பத்திரமாக எடுத்து வைப்பது எப்படி?

2015-ல் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்களின் பெம்பிளை ஒருமை போராட்டம் நடந்தபோது போட்ட பதிவு, 2018 வெள்ளத்தில் ரோடு அடைபட்டுக் கிடந்த படம், அதே வருசம் குறிஞ்சி பூத்தது, லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை வீடு) வாசலில் நடந்த சடங்கு வீடு... நம் எஸ்டேட் ஆட்கள் பலருக்கு இதெல்லாம் ஃபேஸ்புக்கில் மட்டும்தான் இருக்கிறது. ஆர்குட்டை 2014-ல் மூடினார்கள், கூகுள் பிளஸ்ஸை 2019-ல். ஃபேஸ்புக் லைவ் வீடியோக்களே இப்போது 30 நாளைக்கு மேல் நிற்பதில்லை. அதனால் தள்ளிப் போடாதீர்கள்.

முதலில் செட்டிங்ஸ் போய் அக்கவுண்ட்ஸ் சென்டரைத் திறங்கள். அதில் உங்கள் தகவல்கள் என்ற பகுதிக்குள் டவுன்லோட் என்றோ எக்ஸ்போர்ட் என்றோ ஒன்று இருக்கும். இன்ஸ்டாகிராமுக்கும் இதே வழிதான்.

அடுத்து வரும் பக்கத்தில் அவசரப்படாதீர்கள். தேதி வரம்பை 'ஆல் டைம்' என்று மாற்றுங்கள், இல்லையென்றால் பழையது விட்டுப்போகலாம். படத்தின் தரத்தை உயர்ந்ததாக வையுங்கள். ஃபார்மட் கேட்கும் இடத்தில் எச்டிஎம்எல் (பிரவுசரில் படிக்கிற வடிவம்) என்பதையே தேர்ந்தெடுங்கள், தமிழில் எழுதுகிற நமக்கு இது ரொம்ப முக்கியம். அங்கே காட்டும் இன்னொரு வடிவம் ஜேசன், அந்த ஃபைலில் ஃபேஸ்புக் தமிழ் எழுத்துகளை பைட் பைட்டாக, அதாவது கம்ப்யூட்டர் சேமிக்கிற சின்னத் துண்டுகளாகப் பிரித்துப் போட்டுவிடுகிறது. 'அம்மா' என்ற ஒரு சொல்லுக்கே 15 பைட், அதைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் புரியாத குறிகளும்தான் தெரியும். சரிசெய்ய முடியும், ஆனால் அதற்கு புரோகிராம் எழுதத் தெரிய வேண்டும்.

கோரிக்கை கொடுத்தபின் ஃபைல் தயாராக நேரமாகும், தயாரானதும் தகவல் வரும். அந்த ஃபைல் சில நாள்தான் இருக்கும் என்பதால் உடனே இறக்கிவிடுங்கள். மழைக்காலத்தில் நம் பக்கம் கரண்ட் போய்ப் போய் வருமே, பெரிய ஃபைல் பாதியில் நின்றுவிடும். அப்படியானால் 'ஆல் டைம்' என்பதற்குப் பதிலாக, பதிவுகளை இரண்டு மூன்று வருசமாகப் பிரித்துக் கேட்டால் ஃபைல் சின்னதாக வரும். வெளிக்கடை கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியிருந்தால் மெசேஜ் பகுதியை டிக் எடுத்துவிட்டுக் கேளுங்கள், பென் டிரைவில் ஏற்றியதும் அங்கிருந்து அழித்து, லாக் அவுட் செய்துவிட்டு வாருங்கள்.

இறங்கியது ஜிப் ஃபைலாக இருக்கும். அதைப் பிரித்து, ஸ்டார்ட் ஹியர் அல்லது இன்டெக்ஸ் என்று பெயருள்ள ஃபைலைத் தொட்டால் பிரவுசரில் திறக்கும், நெட் வேண்டியதில்லை. பழைய படம் நாலைந்தை நிஜமாகவே திறந்து பாருங்கள்.

ஒரு குறை இருக்கிறது. உங்கள் பதிவுக்குக் கீழே மற்றவர்கள் எழுதியது இதில் வராது. தாத்தா இறந்த அன்று போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் எழுதிய வரிகளெல்லாம் அங்கேயே தங்கிவிடும். அந்த மாதிரிப் பதிவுகளைத் தேடிப்பிடித்து, கமென்ட் முழுவதையும் விரித்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அதே ஃபோல்டரில் போடுங்கள். மெனக்கெட்ட வேலைதான், ஆனால் இதை விடவே கூடாது.

வாட்ஸ்அப்பில் குடும்ப குரூப்பைத் திறந்து 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்தால் பேச்சு டெக்ஸ்டாக வரும், ஆனால் பேச்சும் படமும் ரொம்ப அதிகமாக இருந்தால் எல்லாம் வராது.

அப்புறம் இரண்டு பிரதி. ஒன்று வீட்டில், ஈரம் படாத டப்பாவில். இன்னொன்று மலைக்குக் கீழே இருக்கிற சித்தப்பாவோ அத்தையோ யார் வீட்டிலாவது. ஃபோல்டர் பெயரில் எடுத்த தேதியைப் போட்டு வைத்தால், அடுத்த தடவை அந்தத் தேதியிலிருந்து கேட்டால் போதும்.