மேல்முதுகு வலி: எனக்குக் கைகொடுத்தவை

இடது தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே ஓர் இடம். அழுத்தினால் முடிச்சாகத் தட்டுப்படும், மாலையானால் கழுத்து வரை இழுக்கும். பிசியோதெரபிஸ்ட் பார்த்துவிட்டு, தசைப்பிடிப்புதான் என்றார். தலையின் எடை சுமார் 5 கிலோ. லேப்டாப்பைக் குனிந்தே பார்த்தால், மேல்முதுகுத் தசைகள் நாள் முழுக்க இழுபட்டபடியே அதைத் தாங்க வேண்டும்.

முதலில் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, தனிக் கீபோர்டு வைத்தேன். பாதி நிவாரணம் இதிலேயே கிடைத்தது. 15, 20 நிமிட வெந்நீர் ஒத்தடம் இதமாக இருந்தது. அப்புறம் டென்னிஸ் பந்து: சுவருக்கும் முதுகுக்கும் நடுவே வைத்து, வலிக்கும் இடத்தில் மெதுவாக உருட்ட வேண்டும், முதுகெலும்பின் மேல் கூடாது. சுகம்தான், ஆனால் தற்காலிகம்.

வலி திரும்பாமல் பார்த்துக்கொண்டது ரப்பர் பட்டைப் பயிற்சி. பட்டையைக் கதவுப் பிடியில் மாட்டி, முழங்கைகள் பின்னால் போகும்படி இழுக்க வேண்டும்; தோள்பட்டைகள் ஒன்றையொன்று நெருங்க வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், சலிப்பான வேலைதான். கூடவே அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறேன். "நேராக உட்கார்" என்று எல்லோரும் சொல்வார்கள். விறைப்பாக நேராக உட்கார்ந்தாலும் வலிக்கத்தான் செய்யும். ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதுதான் சிக்கல்.

கை மரத்துப்போனால், காய்ச்சல் இருந்தால், கீழே விழுந்தபின் வந்த வலி என்றால் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல், வியர்வை சேர்ந்து வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாரடைப்பின் வலி முதுகிலும் தெரியலாம்.