பாலத்தில் போராடத் தடை: ஆணையின் நகல் கைக்கு வந்த வழி

எங்கள் ஊர் ஆற்றுப் பாலத்தில் மனிதச் சங்கிலிக்கு அனுமதி மறுத்தார்கள். வாய்மொழியாகச் சொன்ன காரணம் "பாதுகாப்பு". மக்கள் கூடும் உரிமையைத் தடுப்பவர்கள் அதற்கான காரணத்தை எழுத்தில் காட்டியே ஆக வேண்டும்.

10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். "ஏன்?" என்று கேட்டால் எளிதில் தட்டிக்கழித்துவிடுவார்கள். அதனால் தடை ஆணையின் நகல், கோப்புக் குறிப்புகள், பாலத்தின் உறுதி பற்றிய ஆய்வறிக்கை என்று ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேட்டேன்.

சில வகைத் தகவல்களைத் தராமல் இருக்க விலக்கு அளிக்கும் பிரிவு 8(1)-ஐக் காட்டி மொத்தமாக மறுத்தார்கள். 30 நாள் கெடுவுக்குள் முதல் மேல்முறையீடு செய்தேன். விலக்குள்ள பகுதியை நீக்கிவிட்டு மீதியைத் தரலாம் என்கிறது பிரிவு 10. அதையே அழுத்தி எழுதினேன்.

காவலர் நிற்கும் இடங்கள் மட்டும் கருப்பு மையால் அடிக்கப்பட்டு நகல் வந்தது. ஆய்வறிக்கைக்கு நேரே, "இவ்வலுவலகத்தில் இல்லை". அந்தப் பக்கத்தை இணைத்து மறுபடியும் அனுமதி கேட்டிருக்கிறேன்.