போர்வெல் மண்ணில் நிலநடுக்க அலை: எக்செல்லில் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் கொல்லையில் போர்வெல் இறக்கியபோது, குழாய்க்குக் குழாய் வெளியே வந்த மண்ணைத் தனித்தனிக் குவியலாகப் போடச் சொன்னேன். "இதை வெச்சு என்ன சார் பண்ணப் போறீங்க?" என்று போர் போட வந்த தம்பி சிரித்தார். 65 அடி வரை கறுப்புக் களி, அதற்குக் கீழே மணல். அடியிலிருந்து வரும் அதிர்வு இந்தக் களிக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? எக்செல் தெரிந்தால் போதும், ஒரு சாயங்காலத்தில் பார்த்துவிடலாம்.

மேலே 20 மீட்டர் களி, கீழே 80 மீட்டர் மணல். குறுக்கலையின் (மண்ணைப் பக்கவாட்டில் அசைத்தபடி மேலேறும் அலை) வேகம் களியில் விநாடிக்கு 150 மீட்டர், மணலில் 300 என்று வைத்தேன். அளந்ததல்ல, உங்கள் மண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடர்த்தி இரண்டுக்கும் ஒன்றே. மீட்டருக்கு ஒரு நெடுவரிசை (ஒரு புள்ளி), 0.002 விநாடிக்கு ஒரு கிடைவரிசை (ஒரு நேரப்படி); ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆழத்து மண் அந்த நேரத்தில் எவ்வளவு நகர்ந்தது என்ற எண். 10 ஹெர்ட்ஸ் அலை களியில் 15 மீட்டர் நீளம், அதாவது ஓர் அலைக்கு 15 புள்ளி. பத்துப் புள்ளிக்குக் கீழே போனால் அலைக்கு இல்லாத வால் முளைக்கும்.

நேரப்படியைப் பெரிதாக்க ஆசைப்படாதீர்கள். நான் முதலில் 0.005 வைத்தேன். அலை களிக்கு வந்து சேருமுன்பே மணலில் எண்கள் கோடிகோடியாக வெடித்தன. ஒரு படியில் அலை ஒன்றரை மீட்டர் ஓடுகிறது, கட்டமோ ஒரு மீட்டர்தான். ஒரு படியில் அலை ஒரு கட்டத்தைத் தாண்டக் கூடாது: கணித அறிஞர்கள் கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928-லேயே சொன்ன நிபந்தனை இது.

சரி, சூத்திரம்:

புதியது = 2 × இப்போது − முன்பு + கீழ் இணைப்பு × (கீழ்ப்புள்ளி − இப்போது) + மேல் இணைப்பு × (மேற்புள்ளி − இப்போது)

இணைப்பு என்பது (வேகம் × நேரப்படி ÷ இடைவெளி) என்பதன் வர்க்கம். களிக்கு 0.09, மணலுக்கு 0.36. இந்த எண் புள்ளிக்குச் சொந்தமல்ல, இரு புள்ளிகளுக்கு நடுவே உள்ள மண்ணுக்குச் சொந்தம். நான் ஏமாந்தது இங்கேதான். புள்ளிக்கு ஓர் எண் என்று கொடுத்துவிட்டேன். கணக்கு வெடிக்கவில்லை, படம் அழகாகவே வந்தது. ஆனால் களிக்குள் நுழைந்த அலை மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கியது. இளகிய மண்ணில் அலை பெருக வேண்டுமே! இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான் புரிந்தது: அப்படிக் கொடுத்தால் களியும் மணலும் ஒரே விறைப்பு, அடர்த்தி மட்டும் வேறு என்று ஆகிவிடுகிறது. இடைவெளிக்கு மாற்றியதும் மூன்றில் நான்கு பங்கு, 1.33 மடங்கு வந்தது.

தரைமட்டப் புள்ளிக்கு மேலே மண் கிடையாது, அந்த மேல் உறுப்பை எடுத்துவிடுங்கள். அலை அங்கே இரட்டிக்கும், ஆக மொத்தம் சுமார் 2.67 மடங்கு. அடிப்புள்ளியில் சூத்திரம் வேண்டாம், ரிக்கர் துடிப்பைப் (ஒரே ஒரு முகடு கொண்ட குறுந்துடிப்பு) போடுங்கள்: (1 − 2 × அ) × எக்ஸ்ப்(−அ). எக்ஸ்ப் என்பது எக்செல்லின் EXP. இதில் அ என்பது (பை × 10 × (நேரம் − 0.1)) என்பதன் வர்க்கம். மற்ற புள்ளிகளுக்கு முதல் இரண்டு வரிசையும் சுழி.

அப்புறம் சரிபார்ப்பு. தரையில் உச்சம் 250-வது வரிசையை ஒட்டி வர வேண்டும். சுமார் 133 வரிசை கழித்து அதே துடிப்பு தலைகீழாக, மூன்றில் ஒரு பங்காகத் திரும்பும். களிக்குள் போய் மணலில் முட்டி வந்தது அது. 450-வது வரிசைக்குப் பிறகு வருவதை நம்பாதீர்கள், அது அடிப்புள்ளியில் மோதித் திரும்பிய அலை. இன்னும் நேரம் ஓட்டவேண்டுமென்றால் மணலுக்கு 100 நெடுவரிசை கூட்டுங்கள், களியைத் தொட வேண்டாம்.