அலுவலக வலையமைப்பில் மறையாக்கப் போக்குவரத்தை ஆய்வு செய்தல்: தொடக்க நிலையினருக்கான செய்முறை

செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் அமர்ந்திருக்கும் கணக்கப்பிள்ளைக்கு, வந்தவர் யாரைத் தேடி வந்தார் என்பது தெரியும். வளவுக்குள் என்ன பேசினார்கள் என்பது தெரியாது. மறையாக்கப்பட்ட இணையப் போக்குவரத்தைப் பார்க்கும் அலுவலக ஃபயர்வாலின் (வலையமைப்பின் வாசலில் நிற்கும் காவல் அமைப்பு) நிலையும் பெரும்பாலும் இதுவே. இணையப் போக்குவரத்தை மறையாக்கும் நெறிமுறையான டிஎல்எஸ்ஸின், 2018-இல் வெளியான 1.3 பதிப்பில், தளம் இன்னாருடையது என்று உறுதிசெய்யும் சர்வர் சான்றிதழும் மறைக்கப்பட்டுவிடுவதால், பொதுவாகத் தளத்தின் பெயர் மட்டுமே வெளியில் தெரிகிறது. காரைக்குடியில் ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றுமதி செய்யும், இருபது கணினிகள் கொண்ட ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொண்டு, உள்ளடக்கத்தை ஆய்வு செய்யும் முறையைப் பார்ப்போம். கணினிகளுக்கும் இணையத்துக்கும் நடுவே ப்ராக்ஸி என்ற இடைநிலைக் கணினியை வைக்கிறோம்; அது ஒவ்வொரு தளத்தின் பெயரிலும் அலுவலகச் சான்றிதழ் ஒன்றைத் தந்து, போக்குவரத்தைத் திறந்து பார்த்து, மீண்டும் மறையாக்கி அனுப்பும்.

முதலில் எதைத் திறக்கக் கூடாது என்று எழுதிவையுங்கள். வங்கி, மருத்துவமனை, வருமான வரி ஆகிய தளங்கள் விலக்குப் பட்டியலில் இருக்க வேண்டும். ஆய்வு நடப்பதை ஊழியர்களுக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் பெறுங்கள். இதைத் தயாரிக்காமல் மென்பொருளைத் தொடாதீர்கள்.

அடுத்து, சான்றிதழ் உருவாக்கும் கருவியான ஓபன்எஸ்எஸ்எல் கொண்டு அலுவலகத்திற்கென ஒரு மூலச் சான்றிதழையும் (மற்றச் சான்றிதழ்களுக்கு நம்பிக்கை தருவது), அதைக் கொண்டு கையொப்பமிட உதவும் தனிச்சாவியையும் உருவாக்குங்கள். அந்தச் சாவி யார் கையில் கிடைத்தாலும், இருபது கணினிகளும் நம்பும்படி எந்தத் தளத்தின் பெயரிலும் அவரால் போலிச் சான்றிதழ் தயாரிக்க முடியும். ஆகவே அதன் நகல் மின்னஞ்சலிலோ பகிர்வுக் கோப்புறையிலோ இருக்கக் கூடாது. ப்ராக்ஸி கணினியில் ப்ராக்ஸி மென்பொருள் மட்டுமே அதைப் படிக்கும்படி அனுமதியைச் சுருக்குங்கள்.

சான்றிதழை மட்டும், சாவி இல்லாமல், எல்லாக் கணினிகளிலும் நிறுவுங்கள். கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைன் இருந்தால், அதன் குரூப் பாலிசி என்ற பொது அமைப்பு வழியே ஒரே முறையில் முடிந்துவிடும். பயர்பாக்ஸ் தனக்கெனச் சான்றிதழ்ப் பட்டியல் வைத்திருப்பதால் அதைத் தனியே சரிபாருங்கள். ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் சேர்த்த சான்றிதழைச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை. கைப்பேசிகளை இதில் சேர்க்காமல் விடுவதே நல்லது.

இப்போது ப்ராக்ஸி மென்பொருளான ஸ்குவிட். உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் சாதாரண ஸ்குவிட் தொகுப்பு போதாது, ஸ்குவிட்-ஓபன்எஸ்எஸ்எல் தொகுப்பு வேண்டும். 3128 என்ற போர்ட்டில் சான்றிதழ் உருவாக்கும் வசதியை இயக்கி, விதிகளை இந்த வரிசையில் எழுதுங்கள்: முதல் கட்டத்தில் பெயரை எட்டிப் பார், விலக்குப் பட்டியலில் இருந்தால் திறக்காமல் அனுப்பு, மற்றதைத் திற. வரிசை மாறினால் வங்கித் தளமும் திறக்கப்பட்டுவிடும்.

தொடக்க நிலையினர் மிகுதியாகத் தவறுவது இங்கேதான். ஏதேனும் ஒரு தளம் பிழை காட்டினால், எரிச்சலில் ஸ்குவிட் செய்யும் சர்வர் சான்றிதழ் சரிபார்ப்பையே அணைத்துவிடுகிறார்கள். ஊழியரின் உலாவி அலுவலகச் சான்றிதழை மட்டுமே பார்ப்பதால், அசல் தளம் போலியானாலும் எந்த எச்சரிக்கையும் வராது. ஆய்வு இல்லாத காலத்தைவிடப் பாதுகாப்பு குறைந்துவிடும். பிழை தரும் தளத்தின் காரணத்தைப் பார்த்து, சான்றிதழைத் தனக்குள் பதித்து வைத்திருக்கும் செயலி என்றால் அதை மட்டும் விலக்குப் பட்டியலில் சேருங்கள்.

சோதனையை ஒரே கணினியில் தொடங்குங்கள். சாதாரணத் தளமொன்றின் சான்றிதழ் விவரத்தில் வழங்கியவராக உங்கள் அலுவலகப் பெயர் தெரிய வேண்டும். வங்கித் தளத்தில் தெரியவே கூடாது. உலாவியில் ப்ராக்ஸி அமைக்காமல் போக்குவரத்தை வழிமறிப்பவர்கள் யுடிபி 443 என்ற போர்ட்டை ஃபயர்வாலில் மூட வேண்டும். நான் முதன்முறை அதை மறந்து, பதிவேட்டில் பாதித் தளங்கள் ஏன் வரவில்லை என்று ஒரு பகல் முழுவதும் தேடினேன்; அவை யுடிபி வழியே செல்லும் க்யூஐசி என்ற புதிய நெறிமுறையில், ஸ்குவிட்டைத் தொடாமல் போய்க்கொண்டிருந்தன.

மூலச் சான்றிதழ் காலாவதியாகும் நாளை இன்றே குறித்து வையுங்கள். அது தவறினால், ஒரே காலையில் இருபது கணினிகளிலும் எச்சரிக்கைப் பக்கம் வந்து நிற்கும்.