எல்இடி காப்புரிமை வழக்கு: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்இடி காப்புரிமை வழக்குகளுக்குத் தொழில்நுட்ப அறிக்கை எழுத வரும் இளைஞர்கள், எங்கள் தலைமுறை இடறிய அதே இடங்களில் இடறுகிறார்கள். தேதியைச் சரிபார், எண்ணைச் சரிபார் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை; அவை எல்லோருக்கும் தெரிந்தவை. திறமைசாலிகளே செய்யும் தவறுகள் சில உண்டு. அவற்றில் ஒன்று எனக்கு இன்னமும் ஆத்திரமூட்டுகிறது. அதற்கே இங்கு அதிக இடம் தருகிறேன்.

காப்புரிமையின் வரைபடத்தைப் பார்த்து முடிவு கட்டுதல்

மீறல் நடந்ததா என்பதை உரிமைக்கோரலின், அதாவது காப்புரிமை எதற்கு உரிமை கேட்கிறது என்று வரையறுக்கும் வாசகத்தின், சொற்களே தீர்மானிக்கும். படங்கள் ஒத்திருப்பது போதாது.

உரிமைக்கோரலை எல்லையின்றி விரித்தல்

ஒருமுறை ஓர் இளம் பொறியாளரின் வரைவு அறிக்கை என் பார்வைக்கு வந்தது. எதிர்த்தரப்புச் சிப்பின் குறுக்குவெட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்து, அடுக்கடுக்காகப் பெயர் குறித்து, அழகாகச் செய்திருந்தார். நீலக்கல் தளத்துக்கும், நீல ஒளி தரும் கேலியம் நைட்ரைடு அடுக்குக்கும் நடுவே இருந்த மெல்லிய இடையடுக்கு எந்த வகையாக இருந்தாலும் நம் உரிமைக்கோரலுக்குள் வந்துவிடும் என்று எழுதியிருந்தார். 'அந்த ஒவ்வொரு வகையையும் செய்யும் முறை நம் காப்புரிமையில் எந்தப் பத்தியில் இருக்கிறது?' என்று கேட்டேன். 'அது எதிர்த்தரப்பு பார்த்துக்கொள்ள வேண்டியது, சார்' என்றார்.

அப்படி நினைப்பவர்கள் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் வழக்கைக் கட்டாயம் படிக்க வேண்டும். அதன் பேராசிரியர் தியோடர் மௌஸ்டாகஸ் கண்டறிந்த கேலியம் நைட்ரைடு வளர்ப்பு முறைக்கு அந்தப் பல்கலைக்கழகம் 1997 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. முதலில் குறைந்த வெப்பநிலையில் ஓர் இடையடுக்கு, பிறகு கூடுதல் வெப்பநிலையில் அதன்மேல் வளர்ப்பு அடுக்கு. நல்ல கண்டுபிடிப்பு, அதில் எனக்கு ஐயமில்லை. எவர்லைட், எபிஸ்டார், லைட்-ஆன் நிறுவனங்களுக்கு எதிரான வழக்கில் 2015 இல் ஜூரி பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு கோடி டாலருக்கும் மேலான இழப்பீடு.

2018 இல் மேல்முறையீட்டில் எல்லாம் போயிற்று. இடையடுக்கு 'ஒற்றைப் படிகமல்லாதது' என்கிறது உரிமைக்கோரல். அது பல சிறு படிகங்கள் சேர்ந்த பலபடிகமாக இருக்கலாம், படிக ஒழுங்கே அற்றதாக இருக்கலாம், இரண்டும் கலந்ததாகவும் இருக்கலாம் என்ற விளக்கத்தைப் பல்கலைக்கழகம் நீதிமன்றத்திடம் பெற்றிருந்தது. வளர்ப்பு அடுக்கு அதை நேரடியாகத் தொட்டிருக்கலாம், தொடாமலும் இருக்கலாம். ஆக ஆறு சேர்க்கைகள். அவற்றில் ஒன்று, ஒழுங்கற்ற அடுக்கின் மேல் நேரடியாக ஒற்றைப் படிக அடுக்கை வளர்ப்பது. மேலே வளரும் படிகம் கீழே இருக்கும் அணு வரிசையைப் பின்பற்றியே தன் வரிசையை அமைத்துக்கொள்கிறது. கீழே வரிசையே இல்லையென்றால் பின்பற்ற ஒன்றுமில்லை. அப்படி வளர்க்க முடியாது என்பதைப் பல்கலைக்கழகத்தின் நிபுணரே சாட்சியத்தில் ஒப்புக்கொண்டார். ஆறில் ஐந்து சரியாக இருந்தால் போதாதா என்று வாதாடிப் பார்த்தார்கள். போதாது என்றது நீதிமன்றம். உரிமை கேட்கும் பரப்பு முழுவதற்கும் செய்முறையைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அதுவும் விண்ணப்பித்த நாளில் தெரிந்ததைக் கொண்டு; பிற்காலத்தில் யாரோ செய்துகாட்டியது உதவாது.

மீறலை நிரூபிக்க ஓர் அர்த்தம், காப்புரிமையின் செல்லுபடியைக் காக்க வேறோர் அர்த்தம் என்று ஒரே சொல்லுக்கு வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே மீறல் அறிக்கை, செல்லுபடி அறிக்கை இரண்டையும் தனித்தனி ஆட்களிடம் கொடுத்துவிட்டுக் கடைசி வாரத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்காதீர்கள். முதல் நாளே ஓர் அட்டவணை போடுங்கள். உங்கள் விளக்கத்துக்குள் வரும் ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு வரிசை; எதிரே அதைச் செய்யும் முறை உள்ள பத்தி எண். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அதை வழக்கறிஞரிடம் அன்றே சொல்லுங்கள். முதன்மைக் கோரலைச் சார்ந்து அதைக் குறுக்கும் சார்பு உரிமைக்கோரலை முன்னிறுத்தலாமா என்று யோசிக்க அவருக்கு அவகாசம் வேண்டும். சொல்லத் தயங்குகிறார்கள். கட்சிக்காரருக்கு அகலமான விளக்கம்தான் பிடிக்கும் என்று ஆறாவது வரிசையையே எழுதாமல் விடுகிறார்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை.

சிப்புக்கு உரிமம் இருக்கிறது என்ற நிம்மதி

வெள்ளை எல்இடியில் நீல ஒளி தரும் சிப் ஒரு பாதி மட்டுமே. அதன் மேலுள்ள பாஸ்பர் நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக்குகிறது; இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. ஜப்பானிய எல்இடி நிறுவனமான நிச்சியாவின் 5,998,925 எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை இந்தச் சேர்க்கையைத்தான் கோரியது. சிப் விற்றவரின் உரிமம், அதை வாங்கிப் பாஸ்பர் பூசுபவரையும் காக்குமா என்பது ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தது. எந்தப் பொருள், எந்த நாடு, வாங்குபவருக்கும் பொருந்துமா என்று மூன்றையும் மூல ஆவணத்தில் பாருங்கள். விற்பனையாளரின் மின்னஞ்சல் உரிமம் ஆகாது.

மாதிரியை அவசரமாகப் பிரித்தல்

எரியவைத்து நிறமாலையை அளப்பதற்கு முன்பே சிப்பை மூடியிருக்கும் சிலிகோன் பிசினைக் கரைத்து எடுத்துவிட்ட மாதிரிகளைப் பார்த்திருக்கிறேன். பாஸ்பரும் பிசினோடு போய்விடுகிறது. எல்இடிகள் வரும் நாடாச் சுருளின் மீதுள்ள தொகுதி எண்ணைப் படமெடுங்கள், ஒளியை அளவெடுங்கள், அதன் பிறகே கத்தியைத் தொடுங்கள். அதே சுருளில் சிலவற்றைப் பிரிக்காமல் முத்திரையிட்டு வையுங்கள். எதிர்த்தரப்பு நிபுணர் கேட்பார்.

காலாவதியான காப்புரிமையை ஒதுக்கிவிடுதல்

அமெரிக்காவில், வழக்கு தொடுத்த நாளுக்கு முந்தைய ஆறு ஆண்டுகளுக்குள் காப்புரிமை உயிரோடு இருந்த காலத்தில் நடந்த மீறலுக்கு இழப்பீடு கேட்கலாம்.

ஒரு நாட்டுத் தீர்ப்பை மற்ற நாட்டில் நம்புதல்

நிச்சியாவின் வெள்ளை எல்இடிக் காப்புரிமை உரிமைக்கோரல்கள் செல்லாது என்று மிச்சிகனில் 2015 இல் ஒரு ஜூரி முடிவு செய்தது. அந்த முடிவு அமெரிக்கக் காப்புரிமையைத்தான் கட்டுப்படுத்தும். ஜெர்மனியில் நடைமுறையே வேறு: மீறலை மாநில நீதிமன்றம் விசாரிக்கிறது, செல்லுபடியை மியூனிக்கில் உள்ள கூட்டாட்சிக் காப்புரிமை நீதிமன்றம் தனியாக விசாரிக்கிறது. மீறல் தீர்ப்பு முந்திக்கொண்டால், செல்லுபடி முடிவாவதற்கு முன்பே விற்பனைத் தடை விழலாம். அங்கே வழக்கு வந்தால், செல்லாமை மனுவுக்கான ஆதாரங்களை மீறல் வழக்கின் பதில் மனுவோடு சேர்த்தே தயாரிக்கத் தொடங்குங்கள்.