கிராண்ட் கேன்யனில் நாயோடு: பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், என்ன செய்யலாம்?

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில், தெற்கு விளிம்பில் (சவுத் ரிம்) நாய்க்கு அனுமதி உண்டு. ஆனால் விளிம்புக்குக் கீழே இறங்கும் எந்தப் பாதையிலும் விட மாட்டார்கள், ஷட்டில் பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள். விளிம்பை ஒட்டிப் போகும் ஹெர்மிட் ரோடு என்ற சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை சொந்தக் காருக்கும் தடை. நாயோடு போனால் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எனக்குக் கைகொடுத்தது டெசர்ட் வியூ டிரைவ் என்ற இன்னொரு சாலை. ஆண்டு முழுக்கச் சொந்தக் காரில் போகலாம். பார்வை முனைகளில் நிறுத்தி நாயோடு இறங்கிப் பார்க்கலாம். நடக்க வேண்டுமென்றால் விளிம்பை ஒட்டிய நடைபாதையான ரிம் டிரெயில்: மொத்தம் 13 மைல், பெரும்பகுதி சமதளம். அதில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அதே வழியில் திரும்பிவிடுங்கள்.

நாயைப் பிடிக்கும் வார் 6 அடிக்கு மேல் இருக்கக் கூடாது. இழுக்க இழுக்க நீளும் சுருள் வார் வேண்டாம். அணிலைக் கண்டதும் நாய் பாயும், பல இடங்களில் விளிம்பில் தடுப்பே கிடையாது. தட்டையான நைலான் வாரை மார்புப் பட்டையில் மாட்டுங்கள். கழுத்துப் பட்டை என்றால், நாய் பின்னோக்கி இழுக்கும்போது தலைவழியே கழன்றுவிடும்.

கோடையில் தார்ச்சாலை கொதிக்கும். புறங்கையைத் தரையில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் பாதத்துக்கும் சுடும். காலை எட்டு மணிக்குள் நடையை முடிப்பது நல்லது. நாயைக் காரில் தனியாக விட்டுப் போகவே போகாதீர்கள், பத்தே நிமிடத்தில் உள்ளே சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். பள்ளத்தாக்கில் இறங்க ஆசையா? பூங்காவுக்குள்ளேயே நாய்க் காப்பகம் இருக்கிறது. முன்பதிவு செய்துகொண்டு, தடுப்பூசிச் சான்றிதழைக் கையோடு எடுத்துப் போங்கள்.