தகரக் கூரையில் விஎச்எஃப் ஆன்டெனா

கோத்தகிரியில் தகரக் கூரை வீட்டுக்குள் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) ஆன்டெனாவை வைத்தால் சிக்னல் பெரும்பாலும் உள்ளேயே அடைபடும், அதனால் கூரைக்கு மேலே ஏற்றுங்கள், தகரமே ஆன்டெனாவின் மறுபாதியாக வேலை செய்யும். விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) பகுதியில் உள்ள 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை, அதாவது அலைநீளத்தில் நாலில் ஒரு பங்கு, சுமார் 50 செ.மீ.; ஆன்டெனாக் கம்பியை 52 செ.மீ. வெட்டி, ஆன்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். மீட்டர் 1.5க்குக் கீழே வந்தால் போதும்.

ஆன்டெனாவைப் பொருத்தும் துளையைத் தகரத்தின் மேட்டில் போடுங்கள், பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். துளையைச் சுற்றிப் பெயின்டையும் துருவையும் பளபளவென்று சுரண்டினால்தான் ரேடியோவையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளின் வெளிக் கம்பிப்பின்னல் தகரத்தோடு நன்றாகச் சேரும், தயவுசெய்து இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்புறம் இணைப்பில் ரப்பர் டேப், துளை ஓரத்தில் சிலிகான். நம்ம ஊர் மூடுபனி ஆணி ஓட்டையில்கூட இறங்கும். கேபிள் உள்ளே நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஐப்பசி இடிமழை வருகிறதென்றால் கேபிளை ரேடியோவிலிருந்து முன்கூட்டியே கழற்றிவிடுங்கள்.